சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: குறைந்த வருமானத்தில் வாழ உதவும் இலவச சேவைகளைப் பெறுவது எப்படி?

தென்காசியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பிழைப்புக்காகச் சென்னை வருகிற குடும்பத்துக்கு முதல் சில மாதங்கள்தான் பெரும் சோதனை. அட்வான்ஸ் கொடுத்தே கையிருப்பு தீர்ந்திருக்கும். சம்பளம் கைக்கு வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பள்ளி திறக்கும், பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோகும். இந்தத் தேவைகளில் பலவற்றுக்கு இந்த நகரத்தில் காசில்லாமல் வழி இருக்கிறது. ஆனால் எங்கே போவது, எதை முதலில் செய்வது என்று தெரியாமல், இலவசமாகக் கிடைப்பதற்கே காசைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் மனசு பொறுக்கவில்லை.

நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றைத்தான். எந்த ஆவணமும் இல்லாமல் கிடைப்பவற்றை வந்த நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். ஊரில் எடுத்த ரேஷன் அட்டையை வைத்தே கிடைப்பவை அடுத்தது. சென்னை முகவரி கேட்கிற காரியங்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "அட்ரஸ் மாற்றிய பிறகு எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருந்து, இரண்டு மாதம் கடன் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

வந்த நாளிலிருந்தே: சாப்பாடும் தங்க இடமும்

மாநகராட்சி நடத்துகிற அம்மா உணவகங்கள் 2013 பிப்ரவரியில் தொடங்கின. வார்டுகள்தோறும் இருக்கின்றன, பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களிலும் உண்டு. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், இரவில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் 3 ரூபாய். முழு இலவசம் இல்லைதான். ஆனால் காலையில் நாலு இட்லி, மதியம் இரண்டு சாதமும், இரவில் நாலு சப்பாத்தி என்றாலும் 18 ரூபாயில் ஒரு நாள் கழிந்துவிடும். வாசலில் டோக்கன் வாங்கி, தட்டை எடுத்துக்கொண்டு, மேடை ஓரம் நின்றபடி சாப்பிட வேண்டும். பார்சல் கிடையாது. யாரும் அட்டை கேட்க மாட்டார்கள், எந்த ஊர் என்றும் விசாரிக்க மாட்டார்கள். மதியச் சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துவிடும், பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள்.

கோயில்களில் மதிய அன்னதானம் உண்டு. அறநிலையத்துறை 2002இல் தொடங்கிய திட்டம் இது. மயிலாப்பூர் கபாலீசுவரர், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி, வடபழனி முருகன் கோயில்களில் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுவார்கள். தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் உள்ள சீக்கியர் கோயிலான குருத்வாராவின் லங்கரில், அதாவது பொதுப் பந்தியில், எந்த மதத்தவரும் போய்ச் சாப்பிடலாம், தலையை மூடிக்கொண்டால் போதும். ரமலான் மாதத்தில் திருவல்லிக்கேணி பெரிய மசூதியில் நோன்பு திறக்க உணவு தருகிறார்கள். அந்த உணவைப் பல ஆண்டுகளாகச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுபவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த சிந்தி மக்கள். இந்த ஊரில் பசியோடு போய் உட்காருகிறவரைக் கேள்வி கேட்காத இடங்கள் இன்னும் நிறைய உண்டு. கூச்சப்பட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள்.

தங்க இடம் கிடைக்காதவர்கள் பேருந்து நிலையத்திலோ பிளாட்பாரத்திலோ இரவைக் கழிக்க வேண்டியதில்லை. வீடற்றோருக்கான காப்பகங்களை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களின் துணையோடு நடத்துகிறது. ஆண்கள், பெண்கள், சிறுவர்கள், மனநலம் பாதித்தவர்கள் எனத் தனித்தனியாக இருக்கின்றன. கட்டணம் இல்லை. 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்கு அழைத்து, நீங்கள் நிற்கும் இடத்தைச் சொன்னால் அருகில் உள்ள காப்பகத்தைச் சொல்வார்கள். ஊரிலிருந்து நோயாளியோடு துணைக்கு வருகிறவர்கள் தங்குவதற்கென்றே சில பெரிய மருத்துவமனைகளில் தனிக் காப்பகம் உண்டு. வார்டு செவிலியரிடம் கேளுங்கள்.

உடம்புக்கு முடியாவிட்டால்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏழைக் குடும்பம் கடனில் விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரஷர், சுகர், தடுப்பூசி, நாய்க்கடி போன்றவற்றுக்கு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். உங்கள் பகுதியிலேயே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். அதற்கும் சிறிய அளவில் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் இருக்கின்றன. இவை காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்குவதால் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு மிகவும் வசதி. வேலை முடிந்து வந்து மாலையில் காட்டிக்கொள்ளலாம். டாக்டர், மாத்திரை, அடிப்படைப் பரிசோதனை எல்லாம் இலவசம். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் பக்கத்து அங்கன்வாடியில் கேளுங்கள், வழி சொல்வார்கள். வீட்டில் நடமாட முடியாத முதியவர் இருந்தால் அந்த நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

பெரிய சிக்கல் என்றால் அரசு மருத்துவமனைதான். எதற்கு எங்கே என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பொதுவானவற்றுக்கு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. மக்கள் வாயில் அது 'ஜி.எச்.' 1664இல் கோட்டைக்குள் தொடங்கிய ஆஸ்பத்திரியின் தொடர்ச்சி அது. வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி, மேற்கே இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம், தெற்கே ராயப்பேட்டை. குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. பிரசவத்துக்கு எழும்பூர் தாய்சேய் மருத்துவமனை, அல்லது திருவல்லிக்கேணியில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொன்னால் ஆட்டோக்காரர்கள் கொண்டுபோய் விடுவார்கள். கண்ணுக்கு எழும்பூர் கண் மருத்துவமனை. 1819இல் தொடங்கியது. இதயம், சிறுநீரகம் போன்ற உயர் சிகிச்சைக்கு ஓமந்தூரார் தோட்டத்திலும், 2023 ஜூனில் திறந்த கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலும் துறைகள் இருக்கின்றன.

முதல் தடவை ஜி.எச். போகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு திரும்பிவிடுவதுண்டு. நடைமுறை இப்படித்தான். காலை ஏழரைக்கெல்லாம் ஓ.பி. சீட்டு தரும் கவுண்டர் முன் நின்றுவிடுங்கள். பெயர், வயது, என்ன தொந்தரவு என்று சொன்னால் சீட்டில் அறை எண்ணை எழுதித் தருவார்கள். அந்த அறைக்கு முன் வரிசை இருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எழுதினால் அதற்கு வேறு கட்டடம், வேறு வரிசை. முடிவு அன்றே வராமல் மறுநாள் வரச் சொல்லலாம். கடைசியில் மருந்து கவுண்டர். முதல் நாளிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். இரண்டு நாள் கூலி போகலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவர் வரட்டும். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் அடுத்த கவுண்டர் எங்கே என்று பார்த்து வரலாம். பழைய சீட்டு, ஸ்கேன், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ஓ.பி. சீட்டைத் தொலைத்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறக் காப்பீட்டு அட்டை வேண்டும் என்று நினைத்துப் பலர் வீட்டிலேயே கிடக்கிறார்கள். வேண்டாம், அட்டை இல்லாமலே பார்ப்பார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளவோ, குழந்தை பிறந்ததைச் சொல்லவோ யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. அங்கேயே உள்ள நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லலாம். அவரை ஆர்.எம்.ஓ. என்பார்கள். 104க்கும் அழைக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பயன்படும் முக்கியமான இடம் தனியார் மருத்துவமனை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஊரில் எடுத்த அட்டையே சென்னையிலும் செல்லும், இங்கே புதிதாக எடுக்கத் தேவையில்லை. இதுவரை எடுக்காதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு, குடும்பத்தினரையும் அழைத்துக்கொண்டு போங்கள். சென்னையில் அது ராஜாஜி சாலையில் இருக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு எச்சரிக்கை: தனியார் மருத்துவமனையில் படுக்கையில் சேர்வதற்கு முன்பே, "இந்த ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டில் வருமா, முழுவதும் வருமா?" என்று அங்குள்ள காப்பீட்டுத் திட்ட மேசையில் கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் முன்பணம் கட்டச் சொல்லும் இடங்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

சாலை விபத்து என்றால் வேறு கணக்கு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். வருமானம் பார்ப்பதில்லை, வேறு மாநிலத்தவரானாலும் சரி. 108ஐ அழைத்தால் போதும், எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கர்ப்பிணிகள் மாதம் தள்ளிப்போனதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே தருகிற எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும் அலைச்சல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் தவணைகளாகக் கிடைப்பதும் இந்தப் பதிவை வைத்துத்தான். பதிவைத் தள்ளிப்போட்டால் தவணையும் தள்ளிப்போகும்.

ஊர் ரேஷன் அட்டையே போதும்

"அட்டை ஊர்க் கடையில் இருக்கிறது, அம்மா அங்கேயே வாங்கிக்கொள்கிறார்" என்றால் சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் குடும்பமே இங்கே வந்துவிட்டதென்றால், பொருள் வாங்க மாதாமாதம் ஊருக்குப் போக வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டு அட்டைதாரர் மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். அரிசி இலவசம். பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் தங்கள் ஊர் அட்டையில் முன்னுரிமைக் குடும்பம் என்று இருந்தால் அரிசி, கோதுமை பெறலாம். வேறு கடை அட்டை என்றதும் சில கடைக்காரர்கள் தயங்குவார்கள். மாதக் கடைசியில் போகாமல் முதல் இரண்டு வாரத்துக்குள் போங்கள், இருப்பு இருக்கும். மறுத்தால் 1967க்குச் சொல்லுங்கள்.

நிரந்தரமாகச் சென்னைதான் என்று முடிவானபின் அட்டையின் முகவரியை மாற்றலாம். திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள் முதலில் பெற்றோர் அட்டையிலிருந்து பெயரை நீக்கிவிட்டுத்தான் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விண்ணப்பித்து நிராகரிக்கப்படுகிறவர்கள் ஏராளம். பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் எதுவானாலும், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை உணவுப் பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் முகாமுக்குப் போனால் மேசைக்கு மேசை அலையாமல் முடியும்.

முகவரிச் சான்று எனும் முட்டுக்கட்டை

இங்கே பலரும் திணறுவார்கள். வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார். அது இல்லாமல் ஆதாரில் முகவரி மாறாது. ஆதாரில் மாறாமல் மற்ற எதிலும் மாறாது. இதற்கு மாற்று வழி உண்டு. ஆதார் ஆணையம் தருகிற சான்றுப் படிவத்தில் உங்கள் புகைப்படத்தை ஒட்டி, அந்த வார்டு கவுன்சிலரிடமோ, எம்.எல்.ஏ.விடமோ, கெசட்டட் அதிகாரியிடமோ கையெழுத்தும் முத்திரையும் வாங்கினால் அதையே முகவரிச் சான்றாக ஏற்பார்கள். மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். சென்னையில் 200 வார்டுகள். உங்கள் வார்டு எண் எது என்று பக்கத்துக் கடையில் கேட்டாலே தெரியும். கவுன்சிலர் அலுவலகத்துக்குக் காலையில் போங்கள், அக்கம்பக்கத்தில் உங்களை அறிந்த ஒருவரையும் அழைத்துப் போனால் வேலை சுலபம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. உதவித்தொகை எதுவானாலும் கணக்கில்தான் விழும். தேசிய வங்கியில் ஜன்தன் கணக்கு என்று கேட்டால் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. ஆதாரை இணைத்துவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை மாநகராட்சியின் இணையதளத்திலிருந்து காசில்லாமல் பதிவிறக்கலாம்.

பிள்ளைகளின் படிப்பு

வருடத்தின் நடுவில் வந்தாலும் பிள்ளையை மாநகராட்சிப் பள்ளியில் உடனே சேர்க்கலாம். எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஊர்ப் பள்ளி டி.சி. வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாடநூல், நோட்டு, சீருடை, மதிய உணவு எல்லாம் பள்ளியிலேயே கிடைக்கும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டியும் உண்டு, 2022 செப்டம்பரில் தொடங்கியது. காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! அதைவிடச் சின்னப் பிள்ளைகளை அங்கன்வாடியில் விடலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கேயே சத்துமாவு தருவார்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி உட்பட ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் தங்குமிடமும் உணவும் இலவசம். கல்லூரி தொடங்கும் மாதத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் படிக்க இடமில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம்.

பேருந்து

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த அட்டையும் தேவையில்லை, ஆனால் நடத்துநர் தரும் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்தச் சலுகை உண்டு. சென்னையில் வசிக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 10 பயண டோக்கன் தருகிறார்கள், பணிமனைகளில் வாங்கலாம்.

வேலை செய்யும் இடத்தில்

கட்டட வேலை, வீட்டு வேலை, ஆட்டோ, தையல், சலவை, நடைபாதை வியாபாரம் எதுவானாலும் அதற்கொரு நலவாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, பிரசவத்துக்கு உதவித்தொகை உண்டு. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு, 60க்குப் பிறகு ஓய்வூதியம். கட்டட வேலைக்கு வந்த பல பேர், சாரத்திலிருந்து யாராவது விழுந்த பிறகுதான் வாரியத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். பதிவு நடப்பில் இருந்தால்தான் பணம் கிடைக்கும். ஆகவே சேர்ந்த முதல் மாதத்திலேயே பதிந்துவிடுங்கள், புதுப்பிக்கும் தேதியைப் பாஸ்புக்கின் பின்னால் எழுதிவையுங்கள்.

கூலி தராமல் ஏமாற்றினாலோ, வீட்டு உரிமையாளர் அட்வான்ஸைத் திருப்பித் தராவிட்டாலோ, கணவர் அடித்தாலோ, வக்கீலுக்குப் பணமில்லையே என்று விட்டுவிட வேண்டாம். 15100க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் பேசலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீலை அமர்த்தித் தர வேண்டும். சென்னையில் அலுவலகம் உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. உடனடி ஆபத்தில் இருக்கும் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, கவனிப்பாரற்ற முதியவர்களுக்கு 14567.

ஒருவர் இறந்துவிட்டால்

எழுதக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோக அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு. எண் 155377. மாநிலத்துக்குள் எந்த ஊரானாலும் கொண்டுவந்து விடுவார்கள். இது தெரியாமல், அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் மருத்துவமனை வாசலில் நிற்கும் தனியார் வண்டிக்குப் பத்து, இருபது ஆயிரம் கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள். வார்டிலேயே இறப்பு அறிக்கை வாங்கும்போது "அமரர் ஊர்திக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சென்னையிலேயே அடக்கம் என்றால் மாநகராட்சி மயானங்களில் எரிக்கவும் புதைக்கவும் கட்டணம் கிடையாது.

யாரிடம் காசு கொடுக்கக் கூடாது, எங்கே முறையிடலாம்

ஆட்சியர் அலுவலக வாசலிலும் தாலுகா அலுவலக வாசலிலும் "நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். மனு எழுதித் தருகிறவருக்கு இருபது, முப்பது ரூபாய் கொடுப்பது வேறு, அவரும் உழைத்துத்தான் வாங்குகிறார். ஆனால் அட்டை வாங்கித் தருகிறேன், வீடு ஒதுக்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். அசல் ஆவணங்களை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் மட்டும் போதும்.

இ-சேவையில் கொடுத்த மனுவுக்கு விண்ணப்ப எண் குறுஞ்செய்தியாக வரும். அதை அழித்துவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லையென்றால், அந்த எண்ணோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மனுநாளுக்குப் போங்கள். மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 1100க்கு அழைத்தும் பதியலாம். மனுவில் உங்கள் தற்போதைய கைபேசி எண்ணையே எழுதுங்கள். ஊரில் வைத்திருந்த பழைய எண்ணுக்குப் பதில் போய், தெரியாமலே மனு முடித்துவைக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு.